கொம்பும் துணைக்காலும்

பினாங்குத் தீவின் கெலுகோரில் கல்விக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மிண்டன் முகாமைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்ற கீர்த்தியோடு விளங்கும் பெரிய கலாசாலை இங்கேதான் இருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் வந்து பயிற்சி பெற்றுப் போகும் ரெக்சாம் நிலையமும் இங்கேதான். புக்கிட் கூம்ப் மேட்டிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மகாகவியின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்றும் உண்டு. இத்தனை வித்தியா ஸ்தாபனங்கள் சூழ்ந்த ஊரிலே வசித்துக்கொண்டு, தாம் பிறந்த ஊரின் பெயரைத் தமிழில் நாலு எழுத்துச் சேர்த்து எழுத முடியாத பிள்ளைகளோடு என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியை நான் கழித்தேன். அவர்களில் மந்தபுத்தியுள்ளவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் கதை சொன்னால் வாய் மூடாமல் கேட்டு, மறுநாள் ஒரு பெயரும் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவர்கள்.

நான் குறைநீக்கல் ஆசிரியை. மலாயில் பெமுலிஹான் என்பார்கள். தீவிலும் பெருநிலத்திலுமாகச் சில தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தேன். 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் அமலுக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றுமே முதற் கடமை என்று முழங்கப்பட்ட காலத்தில் நான் இளம் ஆசிரியை. பிறகு கோலாலம்பூர் செராஸிலிருந்த விசேஷக் கல்விப் பயிற்சிக் கல்லூரியில் பயின்று திரும்பினேன். அந்தக் காலத்தில் குறைநீக்கல் அறை என்பது மாடிப்படிக்கு அடியிலோ, பழைய நாற்காலிகள் அடுக்கிய சாமான் அறையின் ஒரு மூலையிலோ இருக்கும். காலையில் ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பு என்று தகவல் அனுப்பினால், அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி முதலில் அழைக்கப்படுகிறவர் குறைநீக்கல் ஆசிரியைதான். அன்றைக்கு அந்த அறை பூட்டிக் கிடக்கும். 1988இல் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை வந்த பிறகு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் தேர்ச்சி விகிதமே பள்ளியின் மானம் என்றாகிவிட்டபடியால், இரண்டாம் ஆண்டில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் அவகாசம் இல்லாது போயிற்று.

என்னிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஒரே ரகத்தினர் அல்லர். பாலர் பள்ளிக்கே போகாமல் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்கள், தகப்பன் குடியால் பாதி நாள் பள்ளிக்கு வராதவர்கள், காது சரியாகக் கேளாதவர்கள், கண்ணாடி தேவைப்பட்டவர்கள், வகுப்பில் சத்தம் போடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளப்பட்டவர்கள் என்று எல்லோரும் கலந்தே வருவார்கள். இவர்களுக்கு நடுவில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். முதலில் சொன்னவர்களுக்குப் பள்ளிக்கு ஒழுங்காக வரும் பழக்கமும் சற்றுப் பரிவும் வாய்த்தால் சில மாதங்களில் எழுத்துக் கூடிவிடும். எல்லா வசதியும் இருந்தும், எல்லாப் பிரயத்தனமும் செய்தும், எழுத்து கூடாமலே நிற்கும் பிள்ளையைப் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

அதற்கு நான் கையாண்ட உபாயங்கள் சாமானியமானவை. ஒரு பையன் முதலாம் ஆண்டுப் பாடநூலைப் பக்கம் பக்கமாகத் தங்குதடையின்றி வாசித்தான். இவனை ஏன் அனுப்பினார்கள் என்று வியந்துகொண்டே படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தேன். வாசிப்பு நின்றுவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் உரக்கப் படித்ததைக் காதால் வாங்கிப் பாடம் பண்ணிக்கொண்டு, படத்தைப் பார்த்து இன்ன பக்கம் என்று கண்டுபிடித்து ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவ்வளவு ஞாபக சக்தியுள்ள பிள்ளையிடம், "மரம் என்கிற சொல்லில் முதல் எழுத்தின் ஓசையை விட்டுவிட்டு மீதியைச் சொல்லு" என்றால், விழித்தான். மற்றப் பிள்ளைகள் "ரம்" என்று சொல்லிச் சிரித்து விளையாடும் விளையாட்டு அது. சொல்லை ஓசைகளாகப் பிரித்துப் பார்க்கும் அந்த நுட்பமான செவிதான் இப்பிள்ளைகளிடம் தாமதமாக வளர்கிறது. கண்ணில் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்கு அலைந்த பெற்றோர் பலரை எனக்குத் தெரியும்.

சேர்க்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னால், "கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன், நீங்களே எழுதிடுங்க டீச்சர்" என்று படிவத்தை நம் பக்கம் நகர்த்தும் தகப்பனார்களை நான் கவனமாகக் குறித்துக்கொள்வேன். இந்த வாசிப்புச் சிரமம் பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. மறுதடவையும் அவர் கண்ணாடியில்லாமல் வந்தால் அதற்கு மேல் நான் கேட்பதில்லை; பிள்ளையை அடிக்கவேண்டாம் என்று மாத்திரம் சொல்லி அனுப்புவேன்.

இனித் தமிழெழுத்தின் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்லெக்சியாவைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. பி, டி என்ற இரு ரோமன் எழுத்துகள் இடவலம் மாறுவதையே பெரிய அடையாளமாகச் சொல்பவை. நம் எழுத்தில் இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. கெலுகோர் என்று எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். காதில் விழுவது முதலில் ககர மெய். அதன்பின் எகர உயிர். எழுதும்போதோ, பின்னால் கேட்கிற உயிருக்குரிய ஒற்றைக் கொம்பை முன்னால் போட்டுவிட்டு, முன்னால் கேட்கிற ககரத்தைப் பின்னால் எழுதவேண்டும். அடுத்த "லு" வேறு ஜாதி. அங்கே உகரக் குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. அதற்கடுத்த "கோ"வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் ககரம் என்று ஓர் உயிரொலி மெய்யின் இரு பக்கமும் காவல் நிற்கிறது. முடிவில் வருகிற ரகரத்துக்குப் புள்ளி வைக்க மறந்தால் சொல் வேறாகிவிடும். புள்ளியை வைத்துப் பாதத்தைச் சற்றே குறைத்து எழுதினாலோ, பக்கத்திலுள்ள துணைக்காலுக்கும் அதற்கும் புள்ளியன்றி வேறு பேதம் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே சொல்லில் இத்தனை பரீட்சை.

காதை நம்பி எழுதுகிற பிள்ளை முதலில் "க" எழுதுவான். பிறகு கேட்ட ஒலிக்காக அதன் வலப்பக்கம் கொம்பைப் போடுவான். அதை ஒட்டி "லு" வந்து நிற்கும். இப்போது அந்தக் கொம்பு யாருடையது? வாசிக்கிறவர் அதை லகரத்துக்குக் கொடுத்துப் படித்துவிட்டு, தப்பென்று சிவப்புக் கோடு இழுத்துவிடுகிறார். பிள்ளையோ கேட்ட வரிசைப்படிதான் எழுதினேன் என்ற நினைப்பில் இருக்கிறான். அவன் நினைப்பில் நியாயம் இருக்கிறது. சொல்வதெழுதுதல் நோட்டில் சிவப்பு மையைக் காணும்போதெல்லாம் நான் எத்தனை பிழை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கொம்பு எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதிலிருந்தே பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது விளங்கும்.

இதற்குப் பரிகாரமாக நான் செய்தது, கொம்புகளையும் கால்களையும் தனித்தனிச் சிவப்பு அட்டைகளாகவும், மெய்களை நீல அட்டைகளாகவும் வெட்டி, மேசைமேல் பரப்பி, வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே கையால் அட்டைகளை நகர்த்தச் செய்ததுதான். அட்டையில் கை திருந்திய பிறகு மணல் தட்டு. அதற்குப் பிறகே பென்சில். ஒரு கொம்பு நிலைபெறும்வரை அடுத்த கொம்பைக் கண்ணில் காட்டுவதில்லை. எகரத்துக்கே ஒரு மாதம் போனாலும் போகட்டும் என்று இருந்துவிடுவேன். கண்ணும் காதும் வாயும் கையும் ஒருசேர வேலை செய்யவேண்டும் என்ற இந்தத் தத்துவம், 1920களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற வைத்தியர் ஆராயத் தொடங்கி, அன்னா கில்லிங்ஹாம் என்ற அம்மையார் போதனா முறையாக வகுத்தது என்று பின்னாளில் படித்தறிந்தேன். மணலில் அரிச்சுவடி எழுதிப் படித்த நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாட்டனாருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

ட, ப, ம என்று உருவத்தால் நெருங்கிய எழுத்துகளை அடுத்தடுத்துக் கற்பிக்கும் முறை சாதாரணப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். இப்பிள்ளைகளுக்கு அதுவே வினையாக முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒன்றையொன்று ஒத்த எழுத்துகளைக் கால இடைவெளி விட்டுத்தான் அறிமுகப்படுத்த வேண்டும். இன்னொன்று: வாழைப்பழத்தை "வாளைப்பளம்" என்று எழுதினால் டிஸ்லெக்சியா என்று அவசரப்படக்கூடாது. எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகி வெகுகாலம் ஆயிற்று. வாய் பிரிக்காத ஒலியைக் காது எப்படிப் பிரிக்கும்? ரகர றகரமும், மூன்று நகரங்களும் அப்படியே. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பிழைகள். அதைப்போலவே "வந்தது" என்று அச்சிட்டிருப்பதை "வந்துச்சு" என்று வாசிக்கிற பிள்ளையை நான் மனத்துக்குள் மெச்சிக்கொள்வேன். எழுத்தைத் தாண்டிப் பொருளைப் பிடித்தவன் அவன். வகுப்பாசிரியர்கள் அதையும் பிழைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

நான் பணியேற்ற புதிதில் எழுத்துச் சீர்திருத்தம் எங்கள் பக்கம் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையாக வந்த அந்த மாற்றத்தின்படி, துதிக்கை தூக்கிய பழைய லைகாரமும் னைகாரமும், சுழித்து வளைந்த ணாவும் றாவும் னாவும் மறைந்து, எல்லா எழுத்துக்கும் ஒரே கொம்பு, ஒரே கால் என்றாயிற்று. பண்டிதர்கள் அதைக் குறித்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்; என் பிள்ளைகளுக்கு அது பரமோபகாரம். வீட்டில் பாட்டி பழைய உருவத்தில் எழுதிக் காட்ட, பள்ளியில் புதிய உருவம் வர, சில காலம் இரண்டுக்கும் நடுவில் தடுமாறிய பிள்ளைகளும் உண்டு என்றாலும், அது விரைவில் தீர்ந்துவிட்டது.

அன்று பிரம்பு சர்வ சாதாரணம். தப்பாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதிக்கொண்டு வா என்பது தண்டனையாகவும் சிகிச்சையாகவும் கருதப்பட்டது. அப்படி எழுதி வந்த ஒரு நோட்டை வெகுநாள் வைத்திருந்தேன். முதல் சில வரிகள் சரியாக இருந்தன. பிறகு ஒரு வரியில் துணைக்கால் விழுந்துபோயிற்று. அதற்குப் பின் பக்கக் கடைசிவரை அந்தக் காலில்லாத சொல்லே அணிவகுத்து நின்றது. நூறு தடவை எழுதியதில் பிள்ளை தப்பான உருவத்தைத்தான் நன்றாகப் பயின்றிருந்தது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்ற மூன்று மொழிகளையும் இரண்டு லிபிகளையும் தாங்கவேண்டியிருக்கிறது. இதில் எனக்கு ஆச்சரியமாகப் பட்டது, தமிழில் திணறும் பிள்ளைகள் பலர் மலாயில் முன்னதாகவே கரையேறிவிடுவதுதான். மலாயில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஒலி. எழுதிய வரிசையே ஒலிக்கும் வரிசை. இரண்டெழுத்துச் சேர்ந்து ஒரே ஒலியாகும் இடங்களிலும், முன்னொட்டுப் பின்னொட்டுகளால் நீண்ட சொற்களிலும்தான் தடை வரும். ஆங்கிலமோ மூன்றிலும் கடுமையானது. ஜப்பானில் வளர்ந்த ஆங்கிலப் பையன் ஒருவன் ஜப்பானியத்தைச் சரளமாக வாசித்துக்கொண்டே ஆங்கிலத்தில் மட்டும் டிஸ்லெக்சியாவால் அவதிப்பட்டதை வைடெல், பட்டர்வொர்த் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் விவரித்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் அறையில் நான் கண்டுவந்ததை யாரோ எழுதிவைத்ததுபோல் இருந்தது. 2003இல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கவேண்டும் என்ற ஆணை வந்தபோது, அதுவரை கணக்கில் மட்டும் தலை நிமிர்ந்திருந்த பிள்ளைகள் கேள்வியைப் படிக்க மாட்டாமல் அதிலும் தலை குனிந்தார்கள். அந்தக் கொள்கை பின்னால் கைவிடப்பட்டது. இடையில் படித்த பிள்ளைகளுக்கு அந்த வருஷங்கள் திரும்பவில்லை.

இந்தக் குறைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எங்களை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர் 1896இலேயே, கணக்கில் சூட்டிகையாயிருந்தும் வாசிக்க மாட்டாத, தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிய, பதினாலு வயதுப் பையனைப் பற்றி எழுதிவிட்டார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் 1990களின் தொடக்கத்தில் இதற்கென்று சங்கங்கள் தோன்றின. நம் நாட்டில் சில ஆண்டுகள் கழித்து, சரியா அமிரின் என்ற அம்மையாரின் முயற்சியால் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் பிறந்தது. 1996இன் கல்விச் சட்டம் விசேஷக் கல்விக்குத் தனி இடம் கொடுத்தது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதே 2008இல், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லே வா, மலாய் வாசிப்பில் டிஸ்லெக்சியாவை அளந்தறியும் சோதனைத் தொகுதி ஒன்றைப் பற்றி வெளியிட்டார். தமிழ்ப்பிள்ளைக்கு அதற்கிணையான அளவுகோல் நான் ஓய்வு பெறும்வரை என் கைக்கு வரவில்லை. அமைச்சு கொடுத்த மலாய்ச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, தமிழுக்கு வேண்டியதை நாங்களே குறித்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் பிள்ளையின் வன்மைகளைக் குறிக்கவும் ஒரு பகுதி உண்டு. அது பெரும்பாலும் காலியாகவே மருத்துவமனைக்குப் போகும். அதைப் பூர்த்தி செய்யாத தாளில் கையெழுத்திட நான் இணங்கியதில்லை.

பெயர் தெரிந்தபின் வந்த சங்கடம், அட்டை. மருத்துவர் உறுதி செய்து, சமூக நல இலாகாவில் பதிந்து, ஓ.கே.யு. என்னும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் சகாயங்கள் பல. ஆனால், "அட்ட எடுத்துட்டா நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா, டீச்சர்?" என்று ஒரு பாட்டி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டார். பையனுக்கு அப்போது எட்டு வயது. நான் வாதாடவில்லை. சிங்கப்பூரின் லீ குவான் இயூ தமக்கும் லேசான டிஸ்லெக்சியா உண்டென்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். "அவருக்கென்ன, அவரு ராஜா" என்று பாட்டி எழுந்துவிட்டார். அடுத்த தவணையில் தாயார் தனியாக வந்து, மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார்.

2007இல் 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படம் வந்தது. அதுவரை நான் தொண்டை வறளச் சொல்லியும் கேளாதவர்கள், படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணீரும் கம்பலையுமாக வந்தார்கள். அந்த அளவில் அப்படத்துக்கு நான் கடன்பட்டவள். ஆனால் கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்து சேர்ந்தது. வாசிக்க முடியாத பிள்ளைக்குள் ஒரு சித்திரக்காரனோ விஞ்ஞானியோ ஒளிந்திருந்தே தீரவேண்டும் என்று பெற்றோர் தேடத் தொடங்கிவிட்டார்கள். வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்து, ஒன்றும் தேறவில்லையென்று மறுபடியும் பிள்ளைமேல் சலித்துக்கொண்டவர்களும் உண்டு. என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் மேதைகள் அல்லர். மற்ற பிள்ளைகளைப்போல் நடுத்தரமானவர்கள். பஸ் எண்ணையும் கடைப் பலகையையும் தாமாக வாசித்தால் போதும் என்று ஆசைப்பட்டவர்கள். மேதாவிலாசம் இருந்தால்தான் பரிவு காட்டுவோம் என்பது ஒரு தினுசான கொடுமையல்லவா?

2010இல் லினுஸ் என்ற திட்டம் வந்து, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கவும் எண்ணவும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று, மலாயில் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்துச் சோதித்தது. எவன் எந்தக் கூற்றில் நிற்கிறான் என்று தாளில் எழுதிக் காட்டவேண்டியிருந்ததால், எவரையும் ஒளித்துவைக்க முடியவில்லை. அது அதன் நன்மை. தாளில் எல்லோரும் கரையேறியாகவேண்டும் என்ற அவசரம் அதன் தீமை.

என் பழைய மாணவர்களில் ஒருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார்; கைநூலை இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறார், ஆனால் வாசிக்கிறார். ஒரு பெண் பிறைப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். சரக்குப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்து அனுப்பிவிடுவாள். எழுதத் தெரிந்தவனே கெட்டிக்காரன் என்ற நிலையை அந்தச் சின்ன யந்திரம் ஓரளவு மாற்றியிருக்கிறது; பாடத்தை உரக்க வாசித்துக் காட்டும் வசதியையும் பிள்ளைகள் தயக்கமின்றிப் பயன்படுத்தவேண்டும் என்பேன். இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். பரீட்சையில் கூடுதல் நேரம் பெற்று எழுதித் தேறியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது ஒன்றுதான்: எட்டு வயதுக்குள் யாரோ ஒருவர் கவனித்துவிட்டார்.

ஆகையால் பெற்றோர்க்கு நான் சொல்வது இது. முதலாம் ஆண்டு முழுதும் பள்ளிக்கு ஒழுங்காகப் போயும் பிள்ளைக்கு எழுத்துக் கூடவில்லையென்றால், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே குறைநீக்கல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். எஸ்.பி.எம்.மில் கூடுதல் நேரம் வேண்டுமென்று பரீட்சைக்கு முந்தின மாதம் ஓடிவந்தால் பயனில்லை. மருத்துவச் சான்று முன்னரே பள்ளிக் கோப்பில் இருக்கவேண்டும். தலைமையாசிரியர்களுக்கு ஒரே விண்ணப்பம்: குறைநீக்கல் ஆசிரியரை மாற்று வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.